சாலையில் நின்ற மூன்றாமவர்

சாலை விபத்து என்றதும் நம் நினைவில் தோன்றுபவர்கள் இருவர். மோதியவர் ஒருவர், அடிபட்டவர் மற்றொருவர். செய்தித்தாளும் காவல் நிலையப் பதிவேடும் நீதிமன்றக் கட்டும் இவ்விருவரைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் பெரும்பாலான விபத்துகளில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் தேநீர்க் கடையில் நின்றிருப்பார். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்கியிருப்பார். வயலிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார். விழுந்து கிடப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஓடி வருவார், தூக்குவார், வண்டி பிடிப்பார், மருத்துவமனை வாசலில் சேர்ப்பார். அதன்பின் அவரைப் பற்றிய பேச்சே இராது. நம் நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் அவரைக் காணவில்லை. கண்டபோதெல்லாம் ஐயத்தோடுதான் கண்டது. அந்த மூன்றாமவரின் வரலாற்றை இயன்ற அளவு தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை ஏதோ ஏட்டுப் பொருளென்று கொள்ள வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு மாநிலங்களுள் மிகுதியான விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்த எண்களுள் எத்தனை உயிர்கள் விழுந்த இடத்திலேயே பிரிந்தன, எத்தனை உயிர்கள் யாரேனும் வந்து தொடுவதற்குக் காத்திருந்து பிரிந்தன என்பதை எந்தப் பட்டியலும் பிரித்துக் காட்டுவதில்லை.

பழைய வழிகள்

வழியில் விழுந்தவனைத் தூக்கிய அயலான் என்றால் உலகம் முழுவதும் முதலில் நினைவுகூர்வது லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையைத்தான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வரால் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரிய இனத்தவன் ஒருவன் அவன் காயங்களைக் கட்டி, தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். இன்று நம் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கும் 'நல்ல சமாரியர்' என்னும் சொல்லுக்கு ஊற்று இதுவே.

இந்தக் கதையில் பலரும் கவனியாது விடும் பாத்திரம் ஒன்று உண்டு. அது சத்திரக்காரன். சமாரியன் இரண்டு வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பும்போது தருவதாகச் சொல்லித் தன் வழியே போய்விடுகிறான். சத்திரக்காரன் அவனைத் தடுக்கவில்லை. நீ யார், உன் ஊர் எது, இவனை அடித்தது நீதானோ என்று வினவவில்லை. அடிபட்டவனை உள்ளே எடுத்துக்கொள்கிறான். உதவி முழுமை பெறுவதற்குத் தூக்கியவன் மட்டும் போதாது, ஏற்றுக்கொள்ளும் கதவும் வேண்டும். நம் வரலாற்றின் சிக்கல் எல்லாம் அந்தக் கதவருகேதான் நிகழ்ந்தது.

தமிழகத்திலும் அத்தகைய கதவுகள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் ஒன்று வரலாற்று மாணவர் பலரும் அறிந்தது. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்குப் போய்விட்ட நிலையில், இராமேசுவர யாத்திரை வழியிலுள்ள சத்திரங்களையேனும் தம் பொறுப்பில் விட்டுவைக்கும்படி மன்னர் அதில் வேண்டுகிறார். சத்திரங்களில் மருத்துவர்கள் இருந்ததையும், வழிப்போக்கர் நோயுற்றால் குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் அளித்துப் பரிவோடு பேணியதையும், இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு செய்ததையும் அக்கடிதம் எடுத்துரைக்கிறது. அரசு நடத்தியவற்றைப் புகழ்ந்து அரசரே எழுதியது என்பதால் சற்றுக் குறைத்தே படிக்க வேண்டும். சாதிப் பாகுபாடு அச்சத்திரங்களின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும், வழியில் விழுந்த அயலானைப் பேணுவது தனிமனிதரின் இரக்கத்துக்கு மட்டும் விடப்பட்டதன்று, அது ஓர் ஏற்பாடாகவும் இருந்தது என்பதற்கு அக்கடிதம் சான்று.

மோட்டார் வந்த பின்

மோட்டார் வாகனம் சாலைக்கு வந்தபின் விபத்தின் இயல்பே மாறிப்போயிற்று. மாட்டு வண்டிக் காலத்துச் சாலையில் அடிபட்டவரும் அடித்தவரும் பெரும்பாலும் அருகருகே உள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். மோட்டார் வண்டியோ வேறு மாவட்டத்திலிருந்து வந்து, இடித்து, மறு மாவட்டத்துக்குப் போய் மறைந்துவிடக்கூடியது. இதனால் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 89-ஆம் பிரிவில், விபத்துக்குள்ளான வண்டியின் ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று கடமை விதித்தது. 1988-ஆம் ஆண்டின் சட்டம் அதையே 134-ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. இரு சட்டங்களும் ஓட்டுநரிடம் பேசின. வழியில் நின்ற மூன்றாமவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவரிடம் பேசியது வேறொரு சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160, 161-ஆம் பிரிவுகள், ஒரு நிகழ்வைப் பற்றி அறிந்தவராகத் தோன்றும் எவரையும் விசாரணைக்கு அழைக்கவும் வினவவும் காவல் அதிகாரிக்கு அதிகாரம் அளித்தன. இது தவறான அதிகாரம் என்று சொல்ல முடியாது. சாட்சி இல்லாமல் வழக்கு இல்லை. ஆனால் நடைமுறையில் நேர்ந்தது என்ன? அடிபட்டவரைத் தூக்கி வந்தவர், விபத்தைக் கண்டாரோ இல்லையோ, முதற்சாட்சி ஆனார். சில வேளைகளில் 'நீதான் இடித்தாயோ' என்ற பார்வைக்கும் ஆளானார். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் 'கொண்டு வந்தவர்' என்று அவர் பெயர் ஏறியது. பின் காவல் நிலையம், பின் சம்மன், ஆண்டுகள் கடந்தபின் ஒத்திவைப்புகளுக்கு நடுவே நீதிமன்ற வராந்தா. ஒருநாள் கூலியை நம்பி வாழும் மனிதருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் பட்டினி. 'போலீஸ் கேஸாகிவிடும், நமக்கெதற்கு வம்பு' என்று நம் ஊர்களில் சொல்லப்படுவதைக் கல்நெஞ்சின் வெளிப்பாடு என்று கருதிக் கடிந்துகொள்பவர் உண்டு. அது பட்டறிவின் வெளிப்பாடு. பட்டவர்கள் சொல்ல, படாதவர்கள் கேட்டுக்கொண்ட பாடம்.

ஒரு ஸ்கூட்டர்காரரும் ஒரு தீர்ப்பும்

1980-களின் நடுவில் இருசக்கர வாகனங்கள் பெருகின. ஸ்கூட்டரோடு புதிய நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்களும் நடுத்தர வகுப்பின் வண்டிகளாயின. அந்தக் காலத்தில்தான் ஆங்கில நாளேடு ஒன்றில் ஒரு செய்தி வெளிவந்தது. சட்டம் அடிபட்டவரைச் சாவதற்கு உதவுகிறது என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பு. அதன் சுருக்கம் இது: விரைந்து வந்த கார் ஒன்று ஸ்கூட்டரில் சென்றவரை இடித்து வீழ்த்தியது. இரத்தம் பெருகக் கிடந்த அவரைச் சாலையில் இருந்த ஒருவர் தூக்கி, அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்த மருத்துவர்கள் தொட மறுத்தார்கள். இது மருத்துவ-சட்ட வழக்கு. இத்தகைய வழக்குகளை ஏற்க அனுமதி பெற்ற மருத்துவமனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, அங்கே கொண்டுபோ என்றார்கள். அந்த மனிதர் காலம் தாழ்த்தாமல் அவ்வாறே கொண்டு சென்றார். போய்ச் சேருமுன் அடிபட்டவர் உயிர் நீத்தார்.

இச்செய்தியை இணைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தொடுத்தார். 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ராவும் ஜி. எல். ஓசாவும் தீர்ப்பளித்தனர். உயிர்ப் பாதுகாப்பை உறுதிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூற்றை அடிப்படையாகக் கொண்ட தீர்ப்பு அது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, எவராயினும் கொண்டுவரப்பட்டவரின் உயிரைக் காக்க முதலில் சிகிச்சை தர வேண்டும். நடைமுறைச் சடங்குகள் பின்னர்தான். இக்கடமைக்குக் குறுக்கே எந்தச் சட்டமும் நிற்க முடியாது என்பது அதன் சாரம். காவல் துறையினர் மருத்துவர்களை வீணே அலைக்கழிக்கலாகாது, தேவையின்றி அவர்களைச் சாட்சிக்கு இழுக்கலாகாது என்றும் நீதிமன்றம் கூறியது. தீர்ப்பின் செய்தியைத் தூர்தர்ஷன், வானொலி வழியாகவும் பரப்ப வேண்டுமென்று ஆணையிட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் தவறாமல் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது.

இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் இத்தீர்ப்பை ஒரு பிரதியாகப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. நீதிமன்றம் மருத்துவரின் அச்சத்தைப் புரிந்துகொண்டது. அவரும் சாட்சிக்கூண்டுக்கு அஞ்சித்தான் தொட மறுத்தார் என்பதை உணர்ந்து, அந்த அச்சத்தைக் களைய முற்பட்டது. ஆனால் அதே அச்சம் தமக்கும் இருந்திருக்கக் கூடியவரும், இருந்தும் தூக்கியவருமான அந்த மனிதரைப் பற்றித் தனியே ஒரு விதியும் செய்யவில்லை. அவர் கதையைத் தொடங்கி வைக்கிறார். பின் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். அவர் பெயர் தீர்ப்பில் இல்லை. இரு மருத்துவமனைகளுக்கு இடையே அந்த 20 கிலோமீட்டரை அவர் எப்படிக் கடந்தார், மடியில் கிடந்தவர் அடங்கிப்போனதை எந்த இடத்தில் உணர்ந்தார் என்பதை எழுதி வைத்தவர் எவருமில்லை.

ஒருவர் பின் ஒருவராக

தீர்ப்புக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளின் சட்ட வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படுகிறது. சட்டம் விபத்திடத்தில் நின்ற மாந்தரை ஒருவர் பின் ஒருவராகக் கண்டுகொண்டே வந்திருக்கிறது.

முதலில் ஓட்டுநரைக் கண்டது, 1939-இல். அடுத்து மருத்துவரை. 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்து 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 134-ஆம் பிரிவிலேயே சேர்க்கப்பட்டது. நடைமுறைச் சடங்குகளுக்குக் காத்திராமல் சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்று எழுதப்பட்டது. மூன்றாவதாக அரசைக் கண்டது. 1992-ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை உயிர்வாழும் உரிமையின் மீறல் என்று அறிவித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிதி இல்லை என்பது காரணமாகாது என்றது. 2006-ஆம் ஆண்டு சட்ட ஆணையம் தன் 201-ஆவது அறிக்கையை அவசரச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கியது.

இத்தனைக்குப் பிறகும் சாலையில் நின்ற மூன்றாமவர் விலகியே நின்றார். காரணம் எளிது. மருத்துவமனைக் கதவு திறக்கும் என்று சட்டம் சொல்லிற்று. அந்தக் கதவு வழியே அவர் திரும்பி வெளியே வர முடியுமா என்பதைச் சொல்லவில்லை.

2007-ஆம் ஆண்டு தில்லியில் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் விபத்தில் அடிபட்டுச் சாலையோரத்தில் கிடந்தான். பலர் கடந்து சென்றனர். உதவியின்றி அவன் இறந்தான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி அடுத்த ஆண்டு சேவ்லைஃப் அறக்கட்டளையை நிறுவினார். மக்கள் ஏன் விலகிப் போகிறார்கள் என்று அவ்வமைப்பு 2013-ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 74 பேர் அடிபட்டவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்ற நிலையில் இருந்தனர். அவ்வாறு தயங்கியோருள் நூற்றுக்கு 88 பேர் சொன்ன காரணம் காவல் துறை, நீதிமன்றம் ஆகியவற்றின் அலைக்கழிப்பு. இரக்கமின்மை அன்று, அச்சமே நோய் என்று எண்களும் காட்டின.

அவ்வமைப்பு 2012-ஆம் ஆண்டு தொடுத்திருந்த மனுவின் விளைவாக, 2015-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் நீதிபதிகள் வி. கோபால கௌடா, அருண் மிஸ்ரா ஆகியோர் அவற்றை நாடு முழுவதற்கும் கட்டுப்படுத்தும் ஆணையாக்கினர். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. அதற்குரிய விதிகள் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன. 1939-இலிருந்து எண்ணினால் எண்பது ஆண்டுகள் கழித்து, மூன்றாமவர் சட்டத்தின் கண்ணில் பட்டார்.

இன்று அவருக்குள்ள உரிமைகளை வாசகர்கள் அறிந்திருப்பது நலம். நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் உதவியவர்மீது, அவர் கவனக்குறைவாக ஏதும் செய்துவிட்டார் என்றுகூட உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது. தம் பெயரையோ முகவரியையோ தொலைபேசி எண்ணையோ சொல்லுமாறு அவரைக் காவலரும் மருத்துவமனையினரும் வற்புறுத்தலாகாது. அவராக விரும்பினால் சொல்லலாம். தொலைபேசியில் விபத்தைத் தெரிவிப்பவருக்கும் இது பொருந்தும். அடிபட்டவருக்கான சேர்க்கைக் கட்டணத்தை அவரிடம் கேட்கக் கூடாது. அவர் சாட்சியாக இருக்கத் தாமே முன்வந்தால், ஒரே ஒருமுறை மட்டும், அவருக்கு வசதியான இடத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். இவ்வுரிமைகளை மருத்துவமனையின் வாசலில் உள்ளூர் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது அப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிடில் கேளுங்கள்.

பிற நாடுகளும் நாமும்

இந்த வரலாற்றைப் பிற நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நிலைமையின் தனித்தன்மை விளங்கும். அமெரிக்காவில் இத்தகைய முதற்சட்டம் 1959-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. அது காக்க முனைந்தது வழியில் உதவும் மருத்துவரை, எவரிடமிருந்து? தாம் உதவிய நோயாளியே பின்னர் தொடுக்கக்கூடிய நட்டஈட்டு வழக்கிலிருந்து. பிரான்சிலோ 1941-இல் தோன்றி 1945-இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம், ஆபத்தில் இருப்பவருக்குத் தமக்கு இடர் நேராமல் உதவ முடிந்தும் உதவாமல் போவதையே குற்றமாக்கியது. இன்றும் அது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் உள்ளது. அங்கே சட்டம் 'நில்' என்று கட்டளையிடுகிறது. அமெரிக்காவில் 'நின்றால் உன்மேல் வழக்கு வராது' என்று உறுதி தருகிறது. இந்தியச் சட்டம் சொல்வது வேறு: 'நின்றால் என்னால் உனக்குத் தொல்லை வராது'. தன் காவலரிடமிருந்தும் தன் நீதிமன்றங்களிடமிருந்துமே தன் குடிமகனைக் காக்க ஓர் அரசு சட்டம் செய்ய நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். வெட்கத்துக்குரியதே. ஆயினும், தன் குறையை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட சட்டம் என்பதால் அதற்கு ஒரு மதிப்பும் உண்டு.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இறந்தவரின் மனைவி இழப்பீடு கோரி நிற்கும்போது, கண்ணால் கண்ட சாட்சி இல்லையென்றால் அவர் பாடு திண்டாட்டம்தான். தூக்கி வந்தவர் பெயர் சொல்லாமல் போய்விட்டால் அடிபட்டவருக்கு நீதி எப்படிக் கிடைக்கும்? நியாயமான வினா. ஆனால் அச்சுறுத்தி நிறுத்திய சாட்சி, அடுத்த விபத்தில் வண்டியை நிறுத்தாமலே போய்விடுகிறார். உயிருக்கும் வழக்குக்கும் இடையே முதலில் எதைக் காப்பது என்பதே கேள்வி. சட்டம் உயிரைத் தேர்ந்தது. சாட்சி சொல்வதை அவர் மனச்சான்றுக்கு விட்டது. மரியாதையாக நடத்தப்பட்ட மனிதர் தாமாகவே திரும்பி வந்து சாட்சி சொல்லக்கூடும் என்ற நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டில்

நம் மாநிலத்துக்கு இவ்வரலாற்றில் சொல்லத்தக்க இடம் உண்டு. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை இங்கே தொடங்கப்பட்டபின், 'எந்த வண்டியில் ஏற்றுவது' என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைய வழிவகுத்தது. நாள்தோறும் நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர், எலும்புகள் நொறுங்கும் இடத்துக்கே சென்று கேள்வி கேட்டார் எனலாம். அதே வழக்கில்தான் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், விபத்துக்குப் பின்னான முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்குரிய திட்டத்தை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணை பிறந்தது. அவ்வாண்டு மே மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைத் திட்டம் அறிவிக்கையாயிற்று. அதற்கு முன்பே, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் என்று அறிவித்திருந்தது. தொடக்கத்தில் அதற்கான உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். ஊர் கேளாமல் வழிப்போக்கரைப் பேணும் அந்த ஏற்பாட்டில், சரபோஜியின் கடிதத்திலுள்ள சத்திரத்தின் சாயல் எனக்குத் தென்படுகிறது.

இவையெல்லாம் இருந்தும் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. என் மாணவர்களுள் பாதிப் பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் வருபவர்கள். அடிபட்டவரைக் கண்டால் நிற்பீர்களா என்று ஒருநாள் வகுப்பில் கேட்டபோது ஏறத்தாழ எல்லாரும் கை உயர்த்தினார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சட்டம் இருப்பதை அறிவீர்களா என்று கேட்டபோது உயர்ந்த கைகள் மூன்று. ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இது தெரிந்திருந்தால் எங்கள் அப்பா அன்றைக்கு நின்றிருப்பார்" என்று மட்டும் சொல்லி அமர்ந்தாள். மேற்கொண்டு அவளை நான் கேட்கவில்லை.

நிற்பவர் அறிந்திருக்க வேண்டிய சிலவும் உண்டு. முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தச் செய்ய வேண்டும். இல்லையேல் உதவ வந்தவரும் அடிபடுவார். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தம் பீறிடும் இடத்தில் தூய துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். மூச்சுத் தடைபட்டாலன்றித் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கலாகாது. கழுத்தெலும்பு முறிந்திருக்குமாயின் அந்த இழுப்பே கேடாகும். தண்ணீர் புகட்டுவதும், சோடா வாங்கிக் கொடுப்பதும், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதும் நம் ஊர்களில் அன்பின் அடையாளமாக உள்ளன. அறிவு தெளியாதவருக்கு ஊற்றிய நீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். அன்போடு சிறிது அறிவும் சேர்ந்தால் உதவி உதவியாகவே நிற்கும்.

பரிசும் பெயரும்

2021-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தது. 2025-ஆம் ஆண்டு அது 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதைக் குறித்து நண்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கைம்மாறு கருதாத செயலுக்கு விலை வைக்கலாமா என்பார் சிலர். மாதம் முழுதும் ஓட்டினாலும் அத்தொகை கையில் நில்லாத ஆட்டோ ஓட்டுநர், தம் இருக்கையை நனைத்த இரத்தத்தைத் தாமே கழுவிக்கொண்டு, அன்றைய சவாரிகளையும் இழந்துதான் மருத்துவமனைக்குப் போகிறார். அவருக்குத் தருவதை விலை என்று நான் கருதவில்லை. அது பட்ட இழப்பை ஈடு செய்வது. சமாரியனிடம் கொடுக்க இரண்டு காசு இருந்தது. நம் சாலையில் நிற்பவர் பலரிடம் அதுவும் இருப்பதில்லை.

ஆனால் பரிசு பெறுவதற்குப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாதிருக்கும் உரிமையைப் பெற எண்பது ஆண்டுகள் ஆயின. இரண்டும் இன்று அவர் கையில் உள்ளன. எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்துகொள்ளலாம். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைப் பெற்றவனின் அறமாகத்தான் வைத்தார். செய்தவன் கேட்டுப் பெறும் கடனாக வைக்கவில்லை. பெற்றவர் இங்கே ஒரு தனிமனிதர் மட்டுமல்லர். ஓர் உயிர் மீண்டதால் ஒரு குடும்பமும் ஊரும் அரசும் பெற்றவர்களே. அந்தக் கடனின் முதல் தவணை, அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேளாதிருப்பது.

1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வரும் அந்த மனிதரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. அன்று அது கவனியாமை. இன்று அதே சாலையில், அதேபோல் ஒருவரைத் தூக்கிச் சென்று சேர்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, எவரிடமும் எதுவும் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகலாம். அது அவருடைய உரிமை. இதைப் படிப்பவர்கள் இன்னும் நால்வரிடம் சொன்னால், நாளை ஏதோ ஒரு வளைவில் ஒரு வண்டி நிற்கும்.